குஜிரியில் கிடைக்கும் யெஸ்டியும் மாரிக்குப்பத்தில் நிற்கும் யெஸ்டியும்

தம்பி கேட்டது சுருக்கமாக இதுதான். சொந்த ஊர் கே.ஜி.எஃப்., இருப்பது பெங்களூர் கே.ஆர். புரத்தில், வேலை ஒயிட்ஃபீல்டில். பழைய யெஸ்டி ரோட்கிங் மோட்டார் சைக்கிள் ஒன்று வேண்டும். சிவாஜிநகர் குஜிரியில், அதாவது பழைய இரும்பு, உதிரிச் சந்தையில், ஒரு சேஸ் (வண்டியின் எலும்புக்கூடு) 12,000 ரூபாய் சொல்கிறார்கள், பேப்பர் இல்லை. வேறொரு கடையில் முழு இன்ஜின் 16,000. மற்றதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுக்கிச் சேர்த்தால் 55,000-க்குள் வண்டி முடிந்துவிடும் என்கிறார் நண்பர். ஓசூரில் தமிழ்நாட்டுப் பதிவுள்ள, ஓடுகிற ரோட்கிங் ஒன்று 1,15,000-க்கு வருகிறது. எதை எடுப்பது? கேள்வியின் கடைசி வரியில் போகிற போக்கில் இன்னொன்றும் சொல்கிறார்: சொந்த ஊர்ப் பக்கம் மாரிக்குப்பத்தில் பெரியப்பாவின் யெஸ்டி தார்ப்பாய்க்குள் கிடக்கிறது, இன்ஜின் ஜாம், பெரியப்பா போன வருஷம் தவறிவிட்டார், அதனால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அந்தக் கடைசி வரிக்கு அப்புறம் வருகிறேன். முதலில் குஜிரி.

நான் 1986-இல் வாணியம்பாடியிலிருந்து வந்தவன். லிங்கராஜபுரத்தில் ஒரு லேத் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது), கிராங்க் வேலை எல்லாம் அங்கேயே கற்றேன். இப்போது அதே பக்கத்தில் சின்னதாக ஒரு கடை. ஜாவா, யெஸ்டி, ஆர்.எக்ஸ். 100, பழைய புல்லட் எல்லாம் இன்னும் என் மேசைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. மைசூரு யாதவகிரியில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996-இல் நின்றுபோனது. 2022-இல் யெஸ்டி என்ற பெயரில் திரும்ப வந்த வண்டி ஃபோர் ஸ்ட்ரோக், தண்ணீரில் குளிரும் இன்ஜின். அதிலிருந்து ஒரு நட்டு கூடப் பழைய டூ ஸ்ட்ரோக் ரோட்கிங்குக்கு ஆகாது. ஆக இன்று பெங்களூரில் ஓடுகிற ஒவ்வொரு பழைய யெஸ்டியிலும் வேறு ஏதோ ஒரு வண்டியின் உறுப்பு இருக்கும். பழைய சாமான் போட்டு வண்டி செய்வதில் எனக்கு ஒரு வெறுப்பும் கிடையாது. என் சோறே அதுதான். ஆனால் நீங்கள் தொடங்க நினைக்கிற இடம் தப்பு.

பேப்பர் இல்லாத சேஸ் ஒன்று குஜிரிக்கு எப்படி வந்து சேருகிறது? ஒரு வண்டி அழிந்துபோனால் அல்லது ஓட்ட லாயக்கில்லாமல் போனால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆவது பிரிவுப்படி உரிமையாளர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும். ஒழுங்காக உடைத்த வண்டியென்றால் சேஸ் நம்பர் இருக்கும் துண்டை வெட்டி எடுத்துவிடுவார்கள். நம்பர் முழுசாக இருக்கிறது, ஆர்.சி. மட்டும் இல்லை என்றால் அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. உரிமையாளர் செத்துப்போய் வாரிசு எடைக்குப் போட்டிருக்கலாம். வங்கிக் கடன் நிலுவையாக இருக்கலாம். திருட்டு வண்டியாகவும் இருக்கலாம். கடை பாய்க்கு அந்தக் கதை தெரியாது; தெரிந்தாலும் உங்களிடம் சொல்லி அவருக்கு என்ன ஆகப்போகிறது? திருட்டுச் சொத்து என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-இன் கீழ் மூன்று ஆண்டு வரை சிறை. பேப்பர் கேட்காமல் 12,000-க்கு சேஸ் வாங்கியவன் "எனக்கு ஒன்றும் தெரியாது சார்" என்று எந்த ஸ்டேஷனில் சொன்னாலும் அது எடுபடாது.

சட்டத்தின் கண்ணில் மோட்டார் சைக்கிள் என்பது அந்த நம்பர் அடித்த இரும்புத் துண்டுதான். டேங்க், இன்ஜின், சக்கரம், சீட் எல்லாம் அதில் தொங்குகிற சாமான். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. யூடியூபில் இங்கிலாந்துக்காரர் ஒருவர் தன் கொட்டகையில் நாலு வண்டியைப் பிரித்து ஒரு வண்டி செய்து, ரோட்டில் ஓட்டிக் காட்டுவார். அங்கே ஒற்றை வண்டியைச் சோதித்து அனுமதி கொடுக்க ஒரு தனித் தேர்வே இருக்கிறது. இங்கே அந்தக் கதவு இல்லை. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 126-ஆவது விதிப்படி மாதிரி வண்டியைச் சோதனைக்கு அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டியது தயாரிப்பாளர். லிங்கராஜபுரத்து லேத்துக்காரனும் ஒயிட்ஃபீல்டு எஞ்சினியரும் அந்தப் பட்டியலில் வரமாட்டார்கள். உதிரிகளைச் சேர்த்து நீங்கள் செய்த வண்டி எவ்வளவு நன்றாக ஓடினாலும் அதற்குப் பதிவு கிடைக்காது. பதிவில்லாததற்கு இன்சூரன்ஸ் கிடைக்காது. இன்சூரன்ஸ் இல்லாத வண்டியில் யாரையாவது இடித்துவிட்டால் நஷ்டஈடு முழுவதும் உங்கள் சம்பளத்திலிருந்துதான் போகும். போலீஸ் அபராதத்தை விட எனக்கு இதுதான் பயம்.

உண்மையான ஆர்.சி. இருக்கிற வண்டியிலும் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்கிறது. இன்ஜின் போய்விட்டால் அதே ரக இன்ஜினை ஆர்.டி.ஓ. அனுமதியோடு போட்டு, ஆர்.சி.யில் இன்ஜின் நம்பரை மாற்றிக்கொள்ளலாம். அதற்கு அந்த இன்ஜினுக்குப் பில் வேண்டும். உங்கள் 16,000 ரூபாய் இன்ஜினுக்கு யார் பில் கொடுப்பார்கள் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பதிலுக்கு டீ வாங்கிக் கொடுப்பார்கள்.

சரி, சட்டத்தை ஒதுக்கிவைப்போம். காசுக் கணக்குக்கு வாருங்கள்.

உதிரியாக வாங்கினால் மலிவு என்பது மளிகைக்கே பொருந்தாது, வண்டிக்கு எப்படிப் பொருந்தும்? ஓடாத யெஸ்டி ஒன்றை 35,000-க்கு வாங்கும் வியாபாரி அதைப் பிரித்து விற்றால் டேங்க் தனி விலை, இரட்டை சைலென்சர் தனி விலை, ஹெட்லைட் கிண்ணம் தனி விலை. முழுசாக விற்பதைவிட அதில்தான் லாபம் என்பதால்தான் பிரிக்கிறார். அந்த லாபத்தைக் கொடுப்பவர் நீங்கள். அதோடு நண்பரின் 55,000-இல் சின்னச் சாமான் இருக்காது. ஆக்சில் ஸ்பேசர், செயின் அட்ஜஸ்டர், கேபிள் நுனியில் வரும் ஈயக் குண்டு, மட்கார்டு ஸ்டே, பக்கப்பெட்டி மூடும் திருகு, ஃபுட்ரெஸ்ட் ரப்பர். ஒவ்வொன்றும் 80, 150, 300. ஒவ்வொன்றுக்கும் ஜே.சி. ரோட்டுக்கு ஒரு நடை, கிடைக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை சிக்பேட்டைப் பக்கத்துச் சந்தைக்கு ஒரு நடை. முழு வண்டி எவ்வளவு துருப்பிடித்திருந்தாலும் இவை அதிலேயே இருக்கும். துருப்பிடித்த ஸ்பேசரைப் பார்த்துப் புது ஸ்பேசர் கடைந்துவிடலாம். இல்லாத ஸ்பேசரின் அளவு யாருக்குத் தெரியும்?

நானும் இந்த ஆசையில் விழுந்தவன்தான். 1997-இல், கல்யாணமான புதுசு. மூன்று வண்டியின் மிச்சத்தை வைத்து ஒரு ரோட்கிங் செய்தேன். நோட்டில் போட்ட பட்ஜெட் 9,000. முடியும்போது 17,400. அப்போது ஓடுகிற ரோட்கிங்கையே 12,000-க்குப் பேசி எடுக்கலாம். கடையில் லேத் சும்மா கிடைத்தும் எனக்கு இந்தக் கதி.

செலவு கூடப் போகட்டும். இன்ஜின்தான் எனக்குப் பாடம் நடத்தியது. கிராங்க் கேஸ் என்பது கிராங்க் தண்டு சுற்றுகிற, இரண்டு பாதியாக வரும் இன்ஜின் பெட்டி. அதில் இடப்பக்கம் ஒரு வண்டியுடையது, நன்றாக இருந்தது. வலப்பக்கம் விரிசல் விட்டிருந்ததால் வேறு இன்ஜினின் வலப்பக்கத்தை வாங்கினேன். விற்றவர் "ஒரே மாடல்தான், அப்படியே உட்காரும்" என்றார். உட்காரத்தான் செய்தது. போல்ட் ஓட்டைகள் எல்லாம் சரியாக நின்றன. போல்ட்டை முறுக்குவதற்கு முன்னால் கிராங்கை விரலால் சுற்றினேன், வெண்ணெய் மாதிரி சுற்றியது. எல்லாப் போல்ட்டையும் முறுக்கியபின் சுற்றினால் ஒரு இடத்தில் லேசாகப் பிடித்து, தாண்டி, மறுபடி பிடித்தது. அந்தப் பிடிப்பு விரலுக்குத் தெரிந்தது. "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். எனக்கும் அதைக் கேட்கத்தான் ஆசை.

இரண்டு பாதியையும் ஒன்றாகப் பூட்டி வைத்துத்தான் பேரிங் உட்காரும் துளைகளைத் தொழிற்சாலையில் கடைவார்கள். அதனால் அந்த இரண்டு பாதியும் ஒரு ஜோடி. வேறு ஜோடியின் பாதியைக் கொண்டுவந்தால் போல்ட் ஓட்டை சேரும், இரண்டு பேரிங்கின் நடுவும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விலகினாலே பேரிங் சுற்றும் ஒவ்வொரு சுற்றிலும் கிராங்கை வளைக்கப் பார்க்கும். 400 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, மனைவியைப் பின்னால் உட்காரவைத்து வாணியம்பாடிக்குக் கிளம்பினேன். ஓசூர் தாண்டினோம். சூளகிரிக்கு முன்னால் இன்ஜினுக்குள் மாவு மில் சத்தம். கிளட்சைப் பிடிப்பதற்குள் பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. விழாமல் நின்றது தெய்வச் செயல். தக்காளி ஏற்றிப்போய் வெறுமனே திரும்பிய லாரியில் வண்டியை ஏற்றிக்கொண்டு பெங்களூருக்கே வந்தோம். அந்த லாரியில் வந்த வழி முழுவதும் மனைவி என்னிடம் பேசவில்லை.

அந்த வண்டியின் பேப்பரும் அதே ரகம்தான். சேஸோடு ஒரு ஆர்.சி. வந்தது, மண்டியாக்காரர் ஒருவர் பெயரில். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டு, மற்றதெல்லாம் காலியாகக் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் வாங்கினோம். பெயர் மாற்றப் போனபோது கையெழுத்து ஒத்துவரவில்லை. மண்டியாவில் அந்த விலாசத்தில் அந்தப் பெயரில் யாரும் இல்லை. இரண்டு வருஷம் பயந்து பயந்து ஓட்டிவிட்டு, வண்டியைப் பிரித்து, வாங்கிய சந்தையிலேயே எடைக்கு எடை விற்றேன்.

இதனால் பழைய சாமானே ஆகாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எது பழசாக இருக்கலாம், எது இருக்கவே கூடாது என்று தெரிந்தால் போதும். தகடும் வார்ப்பும் பழசாக இருக்கலாம்: டேங்க், மட்கார்டு, பக்கப்பெட்டி, ஹப், ஹெட்லைட் கிண்ணம், ஹேண்டில்பார் கிளாம்பு, சைலென்சர், ஜோடியாக வருகிற கிராங்க் கேஸ். இவற்றில் பழைய மைசூரு சாமான், இன்று புதிதாக விற்கிற நகலைவிட நல்லது. தகடு கனமாக இருக்கும், ஓட்டைகள் சரியான இடத்தில் இருக்கும். பேரிங், ஆயில் சீல், கேஸ்கெட், கேபிள், பிரேக் ஷூ, செயின், ஸ்ப்ராக்கெட், டயர், ஒயரிங் இவை புதுசு மட்டுமே. இதில் மறுபேச்சு கிடையாது.

ஆயில் சீலை மட்டும் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 60 ரூபாய் ரப்பர் வளையத்தால் பிஸ்டன் போன வண்டிகள் என் கடையில் ஏராளம். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் முதலில் கிராங்க் கேஸுக்குள்தான் போகின்றன. கிராங்கின் இரண்டு பக்கமும் இருக்கும் சீல்தான் அந்த அறையைக் காற்றுப்புகாமல் காக்கிறது. வருஷக்கணக்கில் நின்ற வண்டியில் ரப்பர் காய்ந்து, உதடு கல்லாகியிருக்கும். மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட் பக்கத்துச் சீல் போனால் அந்த வழியாக வெறும் காற்று உள்ளே வரும். கலவையில் பெட்ரோல் குறையும், அதோடு சேர்ந்து வருகிற ஆயிலும் குறையும். இன்ஜின் கிளம்பும், நன்றாகக் கூட இழுக்கும், ஒரு நாள் நீளமான ரோட்டில் பிஸ்டன் சூடாகி சிலிண்டர் பிளாக்கைப் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கிளட்ச் பெட்டியின் ஆயிலை இன்ஜின் உறிஞ்சும்; வெள்ளைப் புகை நிற்கவே நிற்காது, ஆயில் அளவு குறைந்துகொண்டே போகும், கீழே ஒரு சொட்டு ஒழுகியிருக்காது. கார்பரேட்டரைத்தான் எல்லாரும் கழற்றிக் கழற்றி மாட்டுவார்கள்.

பிளாக் வாங்கும்போது பிஸ்டனோடு வந்தால் பிஸ்டன் தலையில் இருக்கும் கரியைச் சுரண்டிப் பாருங்கள். ரோட்கிங்கின் போர், அதாவது சிலிண்டர் துளையின் அகலம், 65 மில்லிமீட்டர். ஒவ்வொரு ரீபோரிலும் கால் மில்லி கால் மில்லியாகப் பெரிதாகும். தலையில் 0.25 என்றிருந்தால் இன்னும் வாழ்க்கை இருக்கிறது. 1.00 என்றிருந்தால் அது கிழவன், உள்ளே புதுக் குழாய் (ஸ்லீவ்) அடிக்கத்தான் வேண்டிவரும். கிராங்கை வாங்குமுன் கனெக்டிங் ராடைப் பிடித்து நேர் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள், அசைவே இருக்கக்கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் ஆடினால் பயமில்லை, அது அப்படித்தான் இருக்கும். டேங்குக்குள் மொபைல் டார்ச் அடித்துப் பாருங்கள். அப்புறம் அடித் தையல் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போங்கள். பெயின்ட் கொப்பளம் மாதிரி அமுங்கினால் அடியில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது.

இப்போது ஓசூர் வண்டி. முழு வண்டி வாங்குவதில் ஆபத்து இல்லை என்று நினைக்க வேண்டாம். "ஃபுல் ரெஸ்டோர்" என்று சொல்லி விற்கும் யெஸ்டிகளில் பாதி வேலை பெயின்ட்டிலும் குரோமிலும்தான் நடந்திருக்கும். வருகிறேன் என்று முன்கூட்டிச் சொல்லுங்கள், ஆனால் போனதும் முதலில் கிராங்க் கேஸைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்னமே ஓட்டி வைத்திருக்கிறார்கள். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள். ஆறிய இன்ஜின் மூன்று நாலு உதைக்குள் பிடிக்க வேண்டும். யெஸ்டியில் கிக்கரும் கியர் லீவரும் ஒன்றுதான், அதனால் அந்த லீவரின் பல் தேய்ந்திருந்தால் உதைக்கும்போது வழுக்கும், கியரும் சரியாக விழாது. இரண்டையும் செய்து பாருங்கள். முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் ஸ்டீரிங் தலையில் "டக்" என்று அடிக்கிறதா? பத்தடி பின்னால் உட்கார்ந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தால் இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா? சந்தேகம் இருந்தால் ஒரு நூலை இரண்டு டயரின் ஓரமாக இழுத்துப் பிடியுங்கள். வளைந்த சேஸை பெயின்ட்டால் மறைக்கலாம், நூலிடம் மறைக்க முடியாது.

அப்புறம் நம்பர். மெல்லிய வெள்ளைத் தாளைச் சேஸ் நம்பர் மேல் வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள். ஆர்.டி.ஓ.வில் என்.ஓ.சி.க்கு (ஆட்சேபம் இல்லை என்ற சான்று) எடுக்கிற அதே பென்சில் பிரிண்ட்தான். கண்ணால் பார்த்தால் தெரியாததெல்லாம் தாளில் தெரியும்: ஒரு எண் மட்டும் ஆழமாக விழுந்திருப்பது, வரிசை கோணலாக இருப்பது, எண்களுக்கு அடியில் அரத்தின் கோடு ஓடுவது. இதில் எது தெரிந்தாலும் "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள். விலை எவ்வளவு இறங்கினாலும் திரும்பிப் பார்க்காதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும் அந்த 1,15,000-உடன் கணக்கு முடியாது. தமிழ்நாட்டு வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் கர்நாடகப் பதிவுக்கு மாற்ற வேண்டும். விற்பவர் படிவம் 28-இல் என்.ஓ.சி. வாங்கிக் கொடுக்க வேண்டும், இங்கே வண்டியின் வயதைப் பொறுத்து வாழ்நாள் வரி கட்ட வேண்டும். "என்.ஓ.சி. அப்புறம் வாங்கிக்கலாம், நம்ம ஊர்தானே" என்பார்கள். ஓசூர் நம் ஊர்தான். ஆனால் பணம் கைமாறியபின் அந்த ஆள் போன் எடுப்பாரா என்பது வேறு விஷயம். என்.ஓ.சி. கையில் வந்தபின் முழுப் பணம் என்று பேசுங்கள். மூன்றில் இந்த வண்டி மோசமான தேர்வு இல்லை. உடனே ஓட்ட வேண்டும், கையில் கிரீஸ் ஆகக்கூடாது என்றால் இதுதான்.

ஆனால் நீங்கள் கேட்ட தொனியைப் பார்த்தால் கையில் கிரீஸ் ஆக வேண்டும் என்றுதான் ஆசை போலிருக்கிறது. அப்படியென்றால் கணக்கில் சேர்க்காமல் விட்டீர்களே, அந்த மாரிக்குப்பம் வண்டி, அதுதான் உங்கள் வண்டி. இன்ஜின் ஜாம் என்பதற்காகவா அதை ஒதுக்கினீர்கள்? ஜாம் ஆன இன்ஜினுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். குஜிரியில் விற்கிற "ஓடுகிற" இன்ஜினுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதில் கிராங்க் கேஸ் ஜோடி பிரியாமல் இருக்கிறது. சின்னச் சாமான் எல்லாம் அந்தந்த இடத்தில் துருவோடு உட்கார்ந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, நம்பர் யாருடையது என்று உங்கள் குடும்பத்துக்கே தெரியும்.

பேப்பர் வேலைதான் முதலில், ஸ்பேனர் அப்புறம். உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் வாரிசு படிவம் 31 கொடுக்க வேண்டும் என்பது விதி. போன வருஷம் என்கிறீர்கள், நாள் தாண்டிவிட்டது. தாமதக் கட்டணத்தோடு போகும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பெரியம்மாவின் பிள்ளைகள் ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தருவது, இவற்றோடு முதலில் பெரியம்மா பெயருக்கு மாற்றி, அங்கிருந்து 29, 30 படிவத்தில் உங்கள் பெயருக்கு வாருங்கள். பெரியம்மாவிடம் வண்டிக்கு ஒரு விலை பேசிக் கையில் கொடுங்கள். சொந்தத்தில் சும்மா வாங்கிய வண்டிக்குப் பத்து வருஷம் கழித்துக்கூட விலை கேட்பார்கள்.

ஆர்.சி. பழைய புத்தகமாக இருந்தால் அந்த விவரம் வாகன் கணினிப் பதிவில் ஏறியிருக்கிறதா என்று கே.ஜி.எஃப். ஆர்.டி.ஓ.வில் கேளுங்கள், ஏறாமல் இருந்தால் அதை ஏற்றாமல் அடுத்த எந்த விண்ணப்பமும் நகராது. 15 வருஷப் பதிவு முடிந்து புதுப்பிக்காமல் விட்டிருந்தால் படிவம் 25. இருபது வருஷம் தாண்டிய மோட்டார் சைக்கிளுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாய் ஆனது. அதைவிடப் பெரியது தாமதம்: மத்திய விதியில் தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் 300 ரூபாய் என்றிருக்கிறது. எத்தனை வருஷம் புதுப்பிக்காமல் கிடந்தது என்று பாருங்கள், பசுமை வரியையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று கவுன்டரில் எழுதி வாங்குங்கள். தொகை பெரிதாக வந்தாலும் பதற வேண்டாம், ஓசூர் வண்டியின் விலையோடு வைத்துப் பாருங்கள்.

வேலைச் செலவுக்கு ஒரு மாதிரி சொல்கிறேன். 2022-இல் கம்மனஹள்ளித் தம்பி ஒருவர், பேப்பர் உள்ள ஓடாத ரோட்கிங்கை 38,000-க்கு வாங்கிக் கொண்டுவந்தார். கிராங்க், ரீபோர், பிஸ்டன், பேரிங், சீல் எல்லாம் சேர்த்து இன்ஜினுக்கு 14,000 பக்கம் ஆனது. குரோமும் பெயின்ட்டும்தான் அதைவிட அதிகம், 21,000. டயர், ரிம், ஸ்போக் 10,500. ஒயரிங், சீட், கேபிள், பிரேக், கார்பரேட்டர் என்று இன்னொரு 15,000. வண்டி விலையோடு ஒரு லட்சத்தைத் தொட்டது, எட்டு மாதம் பிடித்தது. பழைய சாமான் அதிலும் நிறையப் போனது. குஜிரி டேங்க், குஜிரி மட்கார்டு. நானே கூடப் போய்ப் பேரம் பேசினேன். குரோமை ஒரு வருஷம் தள்ளிப்போட்டிருந்தால் அவருக்கு மூச்சு முட்டியிருக்காது. உங்களுக்கு அந்த 38,000 இல்லை, பெரியம்மா சொல்கிற விலைதான்.

இந்த ஞாயிறு மாரிக்குப்பம் ரயில் ஏறும்போது ஒரு பிளக் ஸ்பேனர், டார்ச், கால் லிட்டர் டீசல், கொஞ்சம் டூ ஸ்ட்ரோக் வண்டிக்குப் போடும் டூ டி ஆயில், மெல்லிய தாள், பென்சில் எடுத்துப்போங்கள். தார்ப்பாயை எடுத்ததும் யாராவது கிக்கர் மேல் ஏறிக் குதிக்க வருவார்கள், விடாதீர்கள். பிஸ்டன் ரிங் உடைந்தால் பிளாக்கைக் கீறிவிடும். பிளக்கைக் கழற்றி, டீசலையும் ஆயிலையும் கலந்து ஓட்டை வழியாக அரை டம்ளர் ஊற்றி, துணி அடைத்துவிட்டு வாருங்கள். ஒரு வாரம் ஊறட்டும். அடுத்த ஞாயிறு டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். கொஞ்சம் நகர்ந்தாலும் மறுபடி ஊற்றி இன்னொரு வாரம் விடுங்கள். நகரவே இல்லையென்றால் இன்ஜினைத் தனியாக இறக்கி, ஒரு கட்டுச் சாக்கில் சுற்றி லிங்கராஜபுரத்துக்குக் கொண்டுவாருங்கள், நான் பிரித்துக் காட்டுகிறேன். பென்சில் பிரிண்ட் எடுத்த தாளை மறக்காமல் ஆர்.சி. புத்தகத்துக்குள் வையுங்கள். சேஸ் 12,000 சொன்ன பாய்க்கும் ஒரு போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், ஆனால் நட்பாகச் சொல்லுங்கள். மட்கார்டு வேண்டும் என்றால் அவரிடம்தானே போகப்போகிறோம்.